சாரம் கட்டிய பரதேசி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிய ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆகட்டும், எனக்கு இப்போது அவசரம் ஒன்றும் இல்லை. ஹிந்தி நன்றாகவே பேசுவேன், காய்கறி வண்டிக்காரனோடு சண்டை போட்டு ஜெயிக்கும் அளவுக்குப் பேசுவேன். எழுத்து மட்டும் தெரியாது. டில்லிக்கு வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடைப் பலகைகளில் கொடியில் துணி காயப் போட்ட மாதிரித் தொங்கும் அந்த எழுத்துக்களை நான் பார்ப்பேன், அவை என்னைப் பார்க்கும், அவ்வளவுதான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகன் என்னிடமிருந்து ஒன்றைப் பிடுங்கி அவன் அப்பாவுக்குக் கொடுத்தான். அதற்கு இந்த எழுத்துத்தான் காரணம்.

நான் திருநெல்வேலிப் பெண். அவர் வேலூர்ப் பக்கம். காட்பாடி ரயில்வேயில் இருந்த என் சித்தப்பா பார்த்துச் செய்த சம்பந்தம். அவருக்கு டில்லியில் சர்க்கார் ஆபீஸில் கிளார்க் வேலை, கோல் மார்க்கெட் பக்கத்தில் குவார்ட்டர்ஸ். மாமியாரும் எங்களோடுதான் இருந்தார். வந்த புதிதில் நான் வாயைத் திறந்தாலே அந்த வீட்டில் சிரிப்பு.

"இன்னாடி இது, லே லேன்னுகினு? மாடு ஓட்றியா?" என்பார் மாமியார்.

என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரிப்பார். நான் 'வாரியல்' என்றால் "தொடப்பம்னு சொல்லு" என்பார். மெதுவாக வரச் சொல்ல 'பைய வாங்க' என்றால், "எந்தப் பையை எடுத்தாறது?" என்று கேட்டுவிட்டுத் தன் பகடியைத் தானே மெச்சிக்கொள்வார். கொஞ்ச நாள் பொறுத்தேன். பிறகு எங்கள் ஊர்ப் பேச்சை நிறுத்திவிட்டேன். நிறுத்தினேன் என்றால் ஒரேயடியாக நிறுத்தினேன். அவர்கள் பேச்சும் எனக்கு வரவில்லை. ரேடியோவில் பேசுகிற மாதிரி, எந்த ஊரும் இல்லாத ஒரு தமிழைப் பேசப் பழகிக்கொண்டேன். என் மகன் பிறந்ததிலிருந்து கேட்ட அம்மாவின் பேச்சு அதுதான்.

அவனுக்கு நான்கு வயது இருக்கும்போது, பழைய பேப்பர் எடுக்க வந்த கபாடிக்காரனின் சாக்கிலிருந்து ஒரு புத்தகம் வழுக்கி எங்கள் வாசலில் விழுந்தது. படக்கதைப் புத்தகம். அட்டை பாதி இல்லை. ஒரு பையன், தலையில் தட்டையான தொப்பி, கழுத்தில் கோடு போட்ட துண்டு, தோளில் பை, கப்பல் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறான். என் மகன் அதை எடுத்துக்கொண்டு தரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான்.

"பர்தேசி லட்கே கி கஹானி ஹை, பெஹன்ஜி, ரக் லோ" என்று எங்களையே வைத்துக்கொள்ளச் சொன்னான் கபாடிக்காரன்.

ஹிந்தியில் பர்தேசி என்றால் வெளிதேசத்துக்காரன், கடல் கடந்து போனவன். ஆசையாகக்கூடச் சொல்வார்கள். நம் பக்கம் பரதேசி என்றால் சோற்றுக்கு இல்லாமல் சுற்றுகிறவன். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அந்தப் பையனுக்கு அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் பெயர்.

புத்தகம் ஹிந்தி. ஆள் ஆளுக்கு வாய்க்குப் பக்கத்தில் முட்டை முட்டையாக வளையம் போட்டு, அதற்குள் எழுத்து. எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. மத்தியானம் மாமியார் கட்டிலில் குறட்டை விட ஆரம்பித்ததும், நானும் மகனும் சமையலறையில் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் உட்காருவோம். நான் விரலை அந்த எழுத்துக்களின்மேல் இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டே படத்தைப் பார்த்துக் கதை சொல்வேன். விரல் நகராவிட்டால் பிள்ளை நம்பமாட்டான்.

அங்கேதான் என் ஊர்ப் பேச்சு வெளியே வந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பரதேசி வாயைத் திறந்தான், "ஏலே, கப்பல நிறுத்துலே!" என்றான். மாலுமிகள் "என்னலே சோலி ஒனக்கு?" என்று கேட்டார்கள். தாடி வைத்த வில்லன் "செத்த மூதி" என்று திட்டு வாங்கினான். ஒரு படத்தில் பரதேசி மாறுவேஷம் போடுவதற்காக இடுப்பில் துணியைச் சுற்றிக்கொண்டு சந்தைக்குள் போவான். அதை நான் "சாரத்த மடிச்சுக் கெட்டிக்கிட்டுப் போறாம் பாரு" என்று சொன்னேன். லுங்கியை எங்கள் பக்கம் சாரம் என்போம். எங்கள் டில்லி வீட்டில் அதை யாரும் கட்டுவதில்லை. அவர் பைஜாமா போடுவார். பிள்ளைக்கு அந்தச் சொல் அந்தப் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது.

அந்தப் பரதேசிக்கு அம்மாவும் உண்டு. படத்தில் அவள் எங்கேயும் இல்லை. ஆனால் ஓரிடத்தில் அவன் பீப்பாய்மேல் உட்கார்ந்து என்னவோ எழுதுவான். வேறு யாருக்கு எழுதுவான்? "எங்கம்மைக்கு ஒரு கடுதாசி போட்டுட்டு வாரேம்லே, அதுக்குள்ள கப்பல எடுத்துராதிய" என்று அவனைச் சொல்ல வைத்தேன். பாலைவனத்திலும் அம்மா ஞாபகம், பனிமலையிலும் அம்மா ஞாபகம். வில்லன் அவனைக் கட்டிப்போட்டபோது, "எங்கம்மை தேடுவா" என்று மட்டும்தான் அழுதான். என் மகனும் அழுதான். பிறகு அந்தக் கபாடிக்காரனே அதே வரிசையில் இன்னும் சில புத்தகங்கள் கொண்டுவந்து கொடுத்தான். எல்லாவற்றிலும் அம்மாவைச் சேர்த்துவிட்டேன்.

அவர் அந்தப் புத்தகங்களை ஒருமுறை தொட்டார். சாப்பாட்டு மேஜையின் கால் ஆடியது. "இந்தக் குப்பை ஒண்ணுத்துக்காவது ஆவட்டும்" என்று ஒன்றை மடித்துக் காலுக்குக் கீழே வைத்தார். நான் எடுத்துவிட்டு வேறு அட்டை வைத்தேன்.

மோதி பாகில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே போடலாம் என்று நான் சொன்னது எடுபடவில்லை. ஹிந்திப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். எழுத்து வந்ததும் ஒரு நாள் அவன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அம்மா, இதுல அம்மாவே இல்ல. கஹீன் பீ நஹீன், எங்கயுமே இல்ல. அவன் கணக்கு எழுதறான். கடுதாசி இல்ல."

"கிழிஞ்சுபோன பக்கத்துல இருந்திருக்கும்" என்றேன்.

அவன் கிழிந்த இடங்களை எல்லாம் பார்த்தான். பிறகு என்னிடம் கதை கேட்பதை விட்டுவிட்டான். அவனே படித்துக்கொண்டான். நானும் வாயை மூடிக்கொண்டேன், அத்தோடு லே போனது, மூதி போனது, எல்லாம் போனது. கொஞ்ச காலத்தில் மாமியாரும் போய்ச் சேர்ந்தார். ஆனால் விட்ட பேச்சு திரும்பி வரவில்லை.

மகன் படித்தான், வெளிதேசம் போனான். அங்கேயே வடக்கத்திப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவன் பெண்ணுக்குத் தமிழ் வராது, போனில் "ஹாய் பாட்டி" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். அவர் காலமாகிச் சில வருஷம் ஆகிறது. நான் மயூர் விஹாரில் எங்கள் ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறேன். எதிர் ஃப்ளாட்டில் ஒரு கோயம்புத்தூர்ப் பெண், புருஷன் ராணுவத்தில். அந்தப் பெண்தான் எனக்கு இப்போது பக்கத்துணை.

போன குளிர்காலத்துக்கு முன்னால் மகன் வந்தான். என்னைப் பார்க்க வந்ததாகத்தான் சொன்னான். வந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே தமிழர்கள் கூடும் ஒரு மன்றத்தில் அவனைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் பழைய படக்கதைகளைப் பற்றி இன்டர்நெட்டில் என்னென்னவோ எழுதுகிறானாம், நிறையப் பேர் படிக்கிறார்களாம். சிறு வயதில் படித்த படக்கதை என்று அன்றைய பேச்சுக்குத் தலைப்பு.

"நீ கண்டிப்பா வரணும்மா. முதல் வரிசையில உக்காரணும். உனக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு."

"என்னடா சர்ப்ரைஸ்?"

"சொன்னா எப்படி சர்ப்ரைஸ்? அந்தப் பரதேசி கதைதான் சொல்லப் போறேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதைக் காட்டிக்கொள்ளவில்லை. இந்த டில்லியில் இத்தனை வருஷம் நான் இன்னாருக்குப் பெண்டாட்டி, இன்னானுக்கு அம்மா. நானாகச் செய்தது என்று சொல்ல ஒரு பொருள் கிடையாது. சமையலைச் சொல்வார்கள், அதை எல்லாரும்தான் செய்கிறார்கள். அந்தக் கதை நான் செய்தது. அதை அவன் நாலு பேர் முன்னால் சொல்லப் போகிறான். என் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம், 'எங்க அம்மா சொன்னது' என்று சொன்னால் போதும். நான் கேட்டது அவ்வளவுதான்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் கருப்பட்டியும் முருங்கைக்காயும் வாங்கி வந்து அவனுக்குச் சமைத்தேன். அரக்குப் பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் காட்டினேன். கோயம்புத்தூர்ப் பெண் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க ஆன்ட்டி, கல்யாணத்துக்குங்களா?" என்று கேலி செய்தாள். அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

சின்ன அரங்கம். இருந்தாலும் நிறைந்திருந்தது. என் மகன் மேடையில் நன்றாக இருந்தான், அதைச் சொல்ல வேண்டும். தமிழ் கொஞ்சம் தடுக்கித் தடுக்கித்தான் வந்தது, நடுநடுவே 'அதாவது' என்பதற்கு ஹிந்தியில் 'மத்லப்' போட்டான். ஆனால் கூட்டம் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது.

கபாடிக்காரனைச் சொன்னான். கிழிந்த அட்டையைச் சொன்னான். நான் முந்தானையைச் சரி செய்துகொண்டேன்.

"ஆபீஸ்ல இருந்து களைச்சு வருவார் எங்க அப்பா" என்றான். "அவ்வளவு களைப்புலயும், மத்லப், என்னை மடியில வெச்சுக்கிட்டு, அந்த ஹிந்தி புக்கை அப்படியே தமிழ்ல படிச்சுச் சொல்லுவார்."

நான் முதலில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

"கப்பல நிறுத்துலே!" என்று மேடையில் கத்தினான். கூட்டம் சிரித்தது. "செத்த மூதி!" என்றான். கை தட்டினார்கள். எல்லாம் சொன்னான். வார்த்தைக்கு வார்த்தை, நான் எந்த இடத்தில் குரலை இறக்குவேனோ அந்த இடத்தில் அவனும் இறக்கினான். இறக்கி இறக்கி, "எங்க அப்பா, எங்க அப்பா" என்றான். "பரதேசி சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போவான். சாரம்னா ஏதோ ஃபாரின் டிரெஸ்னு நினைக்கிறேன்."

பிறகு கடைசியில் சொன்னான்: "பெரியவனாகிப் படிச்சா, அந்த புக்குல அம்மாவே கிடையாது. அப்பாதான் சேர்த்திருக்கார். அவருக்கு அவங்க அம்மா மேல அவ்வளவு உயிர்."

பக்கத்தில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மாமியாருக்காக!

அவன் கீழே பார்த்து, "எங்க அம்மா வந்திருக்காங்க. அவங்க படிக்காதவங்க. இருந்தாலும் அப்பாவோட இந்த ஆர்வத்துக்கு எப்பவும் குறுக்க நின்னதில்ல. அம்மா, எழுந்திரும்மா" என்றான்.

இதுதான் அந்த சர்ப்ரைஸ். எழுந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். உட்கார்ந்தேன்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் எழுந்தார்.

"தம்பி, சாரம் ஃபாரின் டிரெஸ் இல்ல. லுங்கிதான். நாங்க அப்படித்தாஞ் சொல்லுவோம். லேன்னுதீங்க, மூதின்னுதீங்க, ஒங்கப்பா நம்ம திர்நெல்வேலிப் பக்கமா?"

"இல்ல சார், அப்பா வேலூர்."

"வேலூர்க்காரரு சாரம்னு சொல்ல மாட்டாரே தம்பி. இன்னா, வந்துகினுன்னுல்லா பேசுவாவ. கத சொன்னது வேற யாரோ."

கூட்டம் மறுபடி சிரித்தது. என் மகன் ஒரு கணம் முழித்தான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வரும், வாயில் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"எங்க அம்மா திருநெல்வேலி சார்" என்றான். "அம்மாகிட்ட இருந்து அப்பா சில வார்த்தைகள பிக்கப் பண்ணியிருப்பார்."

நான் திரும்பினேன், அந்த மனிதர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

வெளியே சமோசாவும் டீயும் கொடுத்தார்கள். பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "குடுத்து வெச்சவங்க நீங்க, பிள்ளைய மடியில வெச்சுக் கதை சொல்ற புருஷன் யாருக்குக் கெடைப்பான்?" என்றாள் ஒருத்தி. நான் சிரித்தேன். என்ன செய்ய, செத்தவரைப் பற்றிச் சமோசா கையில் வைத்துக்கொண்டு என்ன பேசுவது?

டாக்ஸியில் கோயம்புத்தூர்ப் பெண் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். நானும் அவனும் பின்னால்.

"எப்படி இருந்தது அம்மா?"

"உங்க அப்பா எப்படா உனக்குக் கதை சொன்னார்?"

"என்னம்மா இது? டெய்லி சொல்லுவாரே."

"அது நான்."

அவன் சிரித்தான். வன்மம் இல்லாத சிரிப்புதான். "அரே அம்மா, லாஜிக்கா யோசி. புக்கு ஹிந்தி. உனக்கு ஹிந்தி எழுத்தே தெரியாது. இன்னைக்கு வரைக்கும் பஸ் போர்டு படிக்க மாட்ட. அப்பா ஆபீஸ்ல ஹிந்தி பரீட்சை எழுதி பாஸ் பண்ணினவர். அப்ப யார் படிச்சிருக்க முடியும், நீயே சொல்லு? எனக்கு அந்த எழுத்து மேல விரல் போறது கூட ஞாபகம் இருக்கு."

"அது என் விரல்."

"உனக்கு வயசாச்சும்மா, ரெண்டும் கலந்து போயிருக்கும்."

அந்த நேரம் எனக்குள் என்ன ஆனதோ. வண்டி யமுனைப் பாலத்தின்மேல் நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. என் வாயிலிருந்து அது வந்தது, நாற்பது வருஷத்துக்கு மேல் வராதது.

"ஏலே, வெளங்காத மூதி! ஒங்கப்பனுக்கு சாரம்னா என்னன்னு தெரியுமாலே? அந்த மனுசன் ஒன்ன மடியில வச்சத நீ கண்டியா? நாம் பெத்து, நாஞ் சொன்ன கதைய, எஞ் சொல்லால சொல்லிட்டு, எனக்கே வயசாச்சுங்கியா?"

டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். முன்னால் இருந்த பெண் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள். என் மகன் என்னைப் பார்த்த பார்வை, நான் திட்டியதற்காகப் பார்த்த பார்வை இல்லை. அந்தக் குரல் அவனுக்குத் தெரிந்த குரல். நான்கு வயதில் கேட்டது. வாய் லேசாகத் திறந்தபடி இருந்தது.

மறுநாள் காலையில் நான் காபி போட்டுக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அம்மா. அது நீதான்."

"ஆமா."

"மத்தியானம். ஸ்டவ் பக்கத்துல. மண்ணெண்ணெய் வாசனை வரும். நேத்து ராத்திரி எல்லாம் யோசிச்சேன். அப்பாவ அந்த இடத்துல உக்கார வெச்சே பார்க்க முடியல."

நான் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம். பட்டேன், இல்லை என்று சொல்லவில்லை.

"ஆனா ஒண்ணும்மா." அவன் கதவு நிலையை நகத்தால் சுரண்டினான், சின்ன வயதுப் பழக்கம். "இத எடுத்துட்டா, அப்பாவோடது என்கிட்ட வேற எதுவும் இல்ல."

"ஏன் இல்ல? யோசிச்சுப் பாரு."

"சைக்கிள் கத்துக் குடுத்தது பக்கத்து குவார்ட்டர்ஸ் சர்தார்ஜி அங்கிள். ஜூவுக்கு நீ கூட்டிட்டுப் போன. ஸ்கூலுக்கு நீ வருவ." விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "கார்பன் பேப்பர். ஆபீஸ்ல இருந்து கார்பன் பேப்பர் கொண்டு வந்து தருவார். நீல கலர்."

"அதச் சொல்லேன் மேடையில."

"கார்பன் பேப்பர வெச்சு என்னம்மா சொல்றது?"

அவனுக்கு முன்நெற்றி முடி நரைத்துவிட்டது. ஐம்பதைத் தொடுகிற ஆண்பிள்ளை, அப்பாவைத் தேடி என் சமையலறை வாசலில் நின்றான். கையில் இருந்தது ஒரு நீலக் காகிதம் மட்டும்.

"அவருக்கே இருக்கட்டுமேம்மா அந்தக் கதை" என்றான் மெதுவாக. "அவர் போயாச்சு. நீ இருக்க. உன்னோடது எனக்கு எவ்வளவோ இருக்கு. இது ஒண்ணு அவருக்குப் போனா உனக்கு என்ன குறைஞ்சிடும்?"

இதைக் கேட்ட யாரும் கொடுத்துவிடு என்றுதான் சொல்வார்கள். தாய் என்றால் கொடுக்க வேண்டும் என்று சொல்வார்கள். நான் கொடுத்ததையெல்லாம் எண்ணிப் பார்த்தேன். பேச்சைக் கொடுத்தேன், அவர்கள் சிரித்தார்கள். பிள்ளையை ஹிந்திப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தேன். பிறகு வெளிதேசத்துக்குக் கொடுத்தேன். இருந்தவரைக்கும் அந்த மனிதர் ஒரு மத்தியானத்தைக்கூடப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை, செத்த பிறகு என் மத்தியானங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போகட்டுமா?

"முடியாது" என்றேன்.

"அம்மா."

"இருக்கிறவளுக்கு ஒண்ணும் வேண்டாமாலே? அது என்னுது. உனக்கு அப்பா வேணும்னா அவருகிட்ட அப்பவே கேட்டு வாங்கியிருக்கணும். நானும் கேட்டுப் பார்த்தவதான், எனக்கும் கிடைக்கல."

அவன் காபியை வாங்கிக்கொண்டு ஹாலுக்குப் போனான். கருப்பட்டி போட்ட காபி. பாதிக்குமேல் குடிக்கவில்லை. மீதி நாட்களில் நன்றாகத்தான் நடந்துகொண்டான். குழாய் வாஷரை மாற்றினான், என் மருந்துகளைப் பார்த்து வாங்கி வைத்தான். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது காலைத் தொட்டுக் கும்பிட்டான். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "இனிமே மேடையில் சரியாகச் சொல்லுவாயா?" என்று கேட்க எனக்கு நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டு வாங்குவதற்கு அது என்ன பிச்சையா?

மார்ச் மாதம், குளிர் விட்டு ஸ்வெட்டர்களை மடித்து வைத்துக்கொண்டிருந்த சமயம், கோயம்புத்தூர்ப் பெண் போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, உங்க பையன் பேசறாரு பாருங்க. அவங்க ஊர்ல தமிழ்க்காரங்க கூட்டமாம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அங்கேயும் மேடை, அங்கேயும் கூட்டம், எல்லாரும் கோட்டு. என் மகன் கபாடிக்காரனிலிருந்து ஆரம்பித்தான். தமிழ் இப்போது தடுக்கவில்லை, சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டான் போலிருக்கிறது. கிழிந்த அட்டை வந்தது. நான் மடித்துக்கொண்டிருந்த ஸ்வெட்டரைக் கீழே வைத்தேன்.

"மத்தியானத்துல, ஸ்டவ் பக்கத்துல உக்கார வெச்சு, எங்க வீட்ல கதை சொல்லுவாங்க" என்றான்.

கப்பல் வந்தது, லே வந்தது, மூதி வந்தது. சாரம் என்றால் திருநெல்வேலியில் லுங்கி என்று இந்தத் தடவை சரியாகச் சொன்னான். கூட்டம் சிரித்தது. "அந்த புக்குல இல்லாத அம்மாவ சேர்த்துச் சொல்லுவாங்க" என்றான். "அப்படி அழகாச் சொல்லுவாங்க." முடித்துவிட்டான். கை தட்டினார்கள்.

"திரும்பப் போடு" என்றேன்.

அவள் போட்டாள். மறுபடி கேட்டேன். ஸ்டவ் இருந்தது, மத்தியானம் இருந்தது, எல்லாம் நடந்தபடியே இருந்தது.

"யாரு சொன்னதுன்னு சொல்றானா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இல்லீங்க ஆன்ட்டி. சொல்லுவாங்கன்னுதான் வருது."

சொல்லுவார் என்றால் அவர். சொல்லுவாள் என்றால் நான். சொல்லுவாங்க என்றால் யாராகவும் இருக்கலாம், அவராகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம், பக்கத்து குவார்ட்டர்ஸ் சர்தார்ஜியாகக்கூட இருக்கலாம். தமிழ் சரியாக வராத பிள்ளை என்று நினைத்திருந்தேன். இதற்கு மட்டும் அவனுக்குத் தமிழ் வந்திருக்கிறது.

என் முகத்தைப் பார்த்து அந்தப் பெண்ணுக்குச் சங்கடமாகிவிட்டது.

"எதுக்குங்க ஆன்ட்டி மூஞ்சி வாடுது? மரியாதையாத்தானுங்க சொல்றாரு."

"ஆமாம், மரியாதைதான்" என்று சொல்லிவிட்டு ஸ்வெட்டரை மடிக்க ஆரம்பித்தேன்.